ஜோர்ஜ்டவுன் மன்றத்தின் பணப்பை: 1951 முதல் இன்றுவரை

இத்தொடரின் சென்ற பகுதி 1913-ஆம் ஆண்டு முனிசிபல் சட்டத்தோடு நின்றது. 1857-இல் பினாங்குத் தீவின் ஜோர்ஜ்டவுனில் அமைந்த முனிசிபல் ஆணையத்தின் ஐந்து ஆணையர்களில் மூவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வரி செலுத்திய பிரிட்டிஷ் பிரஜைகளில் ஒரு சிறு பிரிவினருக்கு இருந்ததையும், 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை நீக்கி ஆணையர்கள் அனைவரையும் ஆளுநரின் நியமனத்துக்கு உட்படுத்தியதையும் அப்பகுதி விளக்கியது. நகரத்தின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்னும் கேள்விக்கு அடுத்த ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நியமனம் பெற்றவர்களே விடை சொன்னார்கள். அவர்களுடைய விடைகள் எல்லாம் மோசமானவை என்று சொல்லிவிட முடியாது. 1904-இல் நகருக்கு வந்த மின்சாரமும், 1906-இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராமும், 1925 முதல் அதன் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்ட டிராலி பேருந்தும் முனிசிபாலிட்டியின் பணிகளே. அவற்றுக்கான பணத்தைக் கொடுத்த வீட்டுக்காரரும் கடைக்காரரும் அப்பணிகளைக் குறித்துக் கருத்துச் சொல்லச் சட்டத்தில் இடம் இல்லாதிருந்தது என்பதுதான் குறை.

இந்த இடைவெளி 1951 டிசம்பர் முதல் நாளில் முடிந்தது. மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் அன்று ஜோர்ஜ்டவுனில் நடைபெற்றது. கோலாலம்பூர் அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மன்றத்தின் பதினைந்து இடங்களில் ஒன்பது இடங்கள் மட்டுமே தேர்தலுக்கு விடப்பட்டன, எஞ்சிய ஆறும் நியமன இடங்களாகவே தொடர்ந்தன. தஞ்சோங், கெலாவை, ஜெலுத்தோங் என்னும் மூன்று வட்டாரங்களில் நடந்த போட்டியில் டாக்டர் லிம் சொங் யூ தலைமையிலான பினாங்கு ரேடிக்கல் கட்சி ஆறு இடங்களைப் பெற்றது. தொழிற்கட்சி, அம்னோ, சுயேச்சை ஆகியோருக்கு ஆளுக்கு ஓரிடம் கிடைத்தது. அப்போது வெளிப்படையாகத் தெரியாத ஒரு விளைவு இத்தேர்தலுக்கு இருந்தது. மலாயாவின் நாடாளுமன்றத் தேர்தல் 1955-இல்தான் வந்தது என்பதால், நாட்டை ஆளும் உரிமை கிடைப்பதற்கு நான்காண்டு முன்பே சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் பொறுப்பான ஒரு மன்றத்தை ஆளும் பயிற்சியை அந்நகரத்து அரசியல்வாதிகள் பெற்றுவிட்டார்கள்.

நியமன இடங்கள் விரைவில் மறைந்தன. 1956-இல் உறுப்பினர் அனைவரும் தேர்தலால் வந்த மன்றமாக ஜோர்ஜ்டவுன் மாறியது, மலாயாவில் அந்நிலையை எட்டிய முதல் நகராட்சியும் அதுவே. முனிசிபல் ஆணையத்தின் நூற்றாண்டோடு சேர்த்து, 1957 ஜனவரி முதல் நாள், இரண்டாம் எலிசபெத் அரசியாரின் பட்டயத்தால் அது மாநகரமாக உயர்ந்தது. அவ்விழாவை ஒட்டி நகரத்தில் இனக் கலவரம் மூண்டதும் இவ்வரலாற்றின் பகுதியே. நாட்டின் ஆளுங்கட்சியாக இருந்த கூட்டணிக் கட்சியைச் சேர்ந்த ஜி. எச். கோ முதல் மேயரானார். அவ்வாண்டின் இறுதியில் நடந்த தேர்தலுக்குப் பின் மன்றம் தொழிற்கட்சியின் கைக்கு மாறியது, தமிழரான டி. எஸ். இராமநாதன் மேயர் பதவியேற்று 1961 வரை அதில் இருந்தார். அவருக்குப் பின் ஊய் தியாம் சியூவும், 1964 முதல் 1966 வரை சூய் யூ சோயும் அப்பதவியை வகித்தார்கள். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரைத் தேர்ந்தார்கள். ஆகவே அவருடைய செல்வாக்கு, மன்றத்தில் எத்தனை கைகள் அவருக்காக உயரும் என்பதைப் பொறுத்தே இருந்தது.

அம்மன்றம் முடிவெடுத்த முறையைப் புரிந்துகொள்ள, பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எந்த ஊராட்சி மன்றத்துக்கும் அடிப்படை வருவாய் மதிப்பீட்டு வரி. ஒரு வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று மன்றம் கணக்கிடும் தொகைக்கு ஆண்டு மதிப்பு என்று பெயர், அந்த மதிப்பில் மன்றம் விதிக்கும் விழுக்காடே வரி. ஆண்டு மதிப்பு 6,000 ரிங்கிட் என்றும் வரி பத்து விழுக்காடு என்றும் கொண்டால், உரிமையாளர் 600 ரிங்கிட்டை இரண்டு தவணையாக, பிப்ரவரி முடிவிலும் ஆகஸ்ட் முடிவிலும் கட்டுவார். ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்துக்கு இதோடு வேறொரு வருவாயும் இருந்தது. அது மின்சாரத்தையும் குடிநீரையும் தானே விற்றது, பேருந்துகளைத் தானே ஓட்டிக் கட்டணம் வசூலித்தது. தண்ணீர்மலை அருவியிலிருந்து நகருக்குக் குழாய்வழி நீர் கொண்டுவரும் ஏற்பாடு முனிசிபாலிட்டியின் பழைய சொத்து. நாட்டிலேயே மிகுந்த செல்வமுடைய உள்ளூர் மன்றமாக அது விளங்கியதற்கும், அதன் ஆண்டு வருவாய் பினாங்கு மாநில அரசின் வருவாயைப்போல ஏறத்தாழ இருமடங்காக இருந்ததற்கும் இவ்விற்பனைகள் பெரிய காரணம். மாநிலத்துக்குள் மாநிலத்தைவிடப் பெரிய பணப்பை ஒன்று இருந்தது. அதன் கயிறு எதிர்க்கட்சியின் கையில் இருந்தது. பின்னால் நடந்தவற்றில் பெரும்பகுதி இவ்வொரு நிலையிலிருந்தே விளைந்தது என்று கருத இடமுண்டு.

செலவை முடிவுசெய்யும் முறை இங்கிலாந்து நகராட்சிகளின் குழு முறையைத் தழுவியது. குழு முறை என்பது, நிதி, பொதுப்பணி போன்ற ஒவ்வொரு துறைக்கும் உறுப்பினர்களில் சிலரைக் கொண்ட ஒரு குழுவை அமைத்து, துறை அதிகாரிகள் முன்வைக்கும் திட்டத்தையும் மதிப்பீட்டையும் அக்குழு ஆராய்ந்து பரிந்துரைக்க, முழு மன்றம் அப்பரிந்துரையை ஏற்பதோ திருத்துவதோ தள்ளுவதோ ஆகும். பொறியாளரும் பொருளாளரும் செயலாளரும் சம்பளம் பெறும் அதிகாரிகள். அவர்களுக்கு வாக்கு இல்லை. வாக்கு உடையவர்களோ, குப்பை அள்ளாத சந்தையும் மழைக்கு நிரம்பும் கால்வாயும் தம் வட்டாரத்தில் இருந்தால் அடுத்த தேர்தலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். அதிகாரியின் கணக்கும் உறுப்பினரின் அச்சமும் ஒரே மேசையில் சந்தித்த இந்த ஏற்பாட்டில்தான் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு போன்ற பெருந்திட்டம் நிறைவேறியது. 1962-இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணை, வாக்குரிமை பெற்ற ஒரு நகர மன்றம் எத்தனை பெரிய முதலீட்டைத் தானே துணிந்து செய்ய முடியும் என்பதற்கு இன்றும் கண்முன் நிற்கும் சான்று. சிந்த்ரா தெருவில் ஏழைகளுக்கெனக் குறைந்த வாடகையில் எழுந்த அடுக்குமாடி வீடுகளும் அக்காலத்து மன்றத்தின் முடிவே. நெரிசல் மிகுந்த பழைய கடைவீடுகளின் நடுவே, நகரத்தின் மையத்திலேயே, தொழிலாளர் குடியிருப்பை எழுப்புவது என்பது வெறும் பொறியியல் கணக்கால் வந்த முடிவு அன்று. தொழிற்கட்சியின் கொள்கை அதில் தெளிவாகத் தெரிந்தது.

1965 மார்ச் முதல் நாள், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்படுவதாகப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அறிவித்தார். அமைதி திரும்பியதும் தேர்தல் நடத்தப்படும் என்னும் உறுதியும் அவ்வறிவிப்போடு சேர்ந்தே வந்தது. மோதல் 1966-இல் முடிந்தது, தேர்தல் வரவில்லை. அதே 1966-இன் ஜூலை மாதம், நிர்வாகச் சீர்கேடும் முறைகேடும் நிகழ்ந்தன என்னும் குற்றச்சாட்டின்பேரில், ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பணிகள் அனைத்தும் மாநில முதலமைச்சர் வோங் பௌ நீயிடம் ஒப்படைக்கப்பட்டன. எதிர்க்கட்சி ஆண்ட மன்றம், ஆளுங்கட்சியைச் சேர்ந்த முதலமைச்சரின் அலுவலகத்துக்குள் அடங்கியது. குற்றச்சாட்டுகளில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் முறைகேடு செய்த உறுப்பினரைத் தேர்தலில் தோற்கடிக்கும் வழி ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்த நிலையில், மன்றத்தையே எடுத்துக்கொள்வது ஒன்றே தீர்வாக முன்வைக்கப்பட்டதைக் கவனியாமல் இருக்க முடியாது.

அப்போது நாடு முழுவதுமுள்ள ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய 1965-இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் தன் பணியில் ஈடுபட்டிருந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், வழக்கறிஞர், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர்களுள் ஒருவர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் துணைத் தளபதியாக இருந்த ஜானகி ஆதி நாகப்பனின் கணவர் என்றே தமிழ்நாட்டு வாசகர் பலர் அவரை அறிந்திருப்பர். அவருடைய பெயராலேயே இன்றும் குறிப்பிடப்படும் அறிக்கை 1968-இன் இறுதியில் அரசிடம் தரப்பட்டு, 1971-இல்தான் வெளியிடப்பட்டது. மன்றங்களில் குறைகள் இருந்தன என்பதை மறைக்காமலேயே, தேர்தலை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஆளும் கூட்டணியின் ஒரு கட்சியைச் சேர்ந்தவர் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை ஆளும் கூட்டணிக்கு வசதியற்ற முடிவுக்கு வந்தது அதன் நேர்மைக்குச் சான்று. கூட்டரசும் மாநிலமும் தேர்தலால் அமையும் நாட்டில் மூன்றாவது அடுக்கிலும் தேர்தல் வைப்பது மிகை என்னும் வாதத்தோடு அரசாங்கம் அப்பரிந்துரையை ஏற்க மறுத்தது.

சென்னையை அறிந்தவர்களுக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. 1688-இல் பிறந்த சென்னை மாநகராட்சியை, கூலியாட்களின் வருகைப் பதிவேட்டில் நடந்த மோசடியை அடுத்து, 1973-இல் தமிழ்நாடு அரசு கலைத்தது; அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது. இரு நகரங்களிலும் முறைகேடு என்னும் சொல்லே மன்றத்தை மூடும் சாவியாகப் பயன்பட்டது. வேறுபாடு அதற்குப் பின் வந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் இந்தியாவில் நகராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கியது. அப்படியும் 2016-இல் பதவிக்காலம் முடிந்த தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தல் வரவில்லை என்பது உண்மைதான். ஆயினும் வழக்காடுவதற்கு ஓர் அரசமைப்பு விதி இருந்தது. மலேசியாவில் சட்டம் எதிர்த்திசையில் எழுதப்பட்டது. 1973-ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டத்தின்கீழ் ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றமும் தீவின் ஊரக மன்றமும் ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, பினாங்குத் தீவு நகராண்மைக் கழகம் என்னும் அமைப்பு உருவானது. 1976-இல் வந்த 171-ஆம் சட்டமாகிய ஊராட்சிச் சட்டம், வேறெந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் ஊராட்சித் தேர்தல் தொடர்பான விதிகள் அனைத்தும் செல்லாதவை என்று தன் 15-ஆம் பிரிவில் ஒரே வாக்கியத்தில் முடித்தது.

வாக்குச்சீட்டு போன அதே ஆண்டுகளில் பணப்பையும் மெலிந்தது. இது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. குடிநீர் 1973-இல் பினாங்கு நீர் வாரியத்துக்குப் போனது. தீயணைப்பு 1976-இல் கூட்டரசுத் துறையானது, மின்சாரமும் அதே ஆண்டில் தேசிய மின்சார வாரியத்திடம் சேர்ந்தது. கழிவுநீர் 1990-களில் தனியார்மயத்தில் கைமாறியது. குப்பை அகற்றும் பணியைக் கூட்டரசிடம் ஒப்படைக்கும் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்கவில்லை என்பதால் அப்பணி மட்டும் இன்றும் மன்றத்தின் கையில் உள்ளது. வாக்கை மட்டும் திருப்பிக் கொடுத்தால் 1957-இன் மன்றம் மீண்டு வந்துவிடும் என்று நினைப்போர் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அணை கட்டிய மன்றத்துக்கு இன்று எஞ்சியிருப்பவை குப்பை அகற்றலோடு வடிகால், தெரு, சந்தை, அங்காடிக் கடை, வாகன நிறுத்தம், பூங்கா, கட்டட அனுமதி ஆகியவை. ஒரு குடிமகனின் அன்றாடத்தில் இவை சிறியவை அல்ல. ஆனால் இவற்றில் செலவு மிகுதி, விற்று ஈட்டும் வருவாய் குறைவு. மதிப்பீட்டு வரியை உயர்த்துவதோ எப்போதும் அரசியல் துணிவு வேண்டும் வேலை. 2005-ஆம் ஆண்டின் மதிப்பீட்டுப் பட்டியலைத் தீவின் மன்றம் 2020-இல்தான் புதுப்பித்தது என்பதே அதற்கு எடுத்துக்காட்டு.

இன்றைய முடிவெடுப்பு 171-ஆம் சட்டத்தின் வரம்புக்குள் நடக்கிறது. மன்றத்தில் மேயரும் இருபத்துநான்கு உறுப்பினர்களும் உள்ளனர். அனைவரையும் மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சிப் பணியில் அனுபவமோ, தொழில், வணிகத்தில் சிறப்போ, தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கும் திறனோ உடையவர் உறுப்பினராகலாம் என்று சட்டம் தகுதி வகுத்துள்ளது. நடைமுறையில் ஆளும் கூட்டணிக் கட்சிகளே இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன, 2008-க்குப் பின் அரசு சாரா அமைப்புகளுக்கும் சில இடங்கள் ஒதுக்கப்பட்டன. துறைகள் தரும் மதிப்பீடுகளைப் பொருளாளர் தொகுக்க, நிதிக்குழு ஆராய, முழு மன்றம் ஏற்கும் வரவு செலவுத் திட்டம் மாநில அரசின் ஒப்புதலுக்குப் போகிறது. கடன் வாங்கவும் அவ்வொப்புதல் வேண்டும். பொதுவான கொள்கை குறித்து மன்றத்துக்கு உத்தரவிடும் அதிகாரத்தையும் சட்டத்தின் 9-ஆம் பிரிவு மாநிலத்துக்கே தந்துள்ளது. முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது என்று 23-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் மன்றமே தீர்மானித்தாலன்றிக் குழுக்களுக்கு அவ்விதி பொருந்தாது. எந்தச் சாலைக்குப் பணம், எந்த வடிகாலுக்கு அடுத்த ஆண்டு என்னும் விவாதம் உண்மையில் நடப்பது குழுவில் என்பதால், பாடாங் கோத்தாவின் 1903-ஆம் ஆண்டு நகர மண்டபத்துப் பார்வையாளர் இருக்கையில் அமர்பவர் காண்பது பெரும்பாலும் முடிந்துபோன முடிவுகளின் வாசிப்பை.

இவ்வமைப்பில் ஒரு தெருவாசி தன் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்றால் யாரிடம் போகிறார் என்று பார்த்தால் நிலைமை விளங்கும். அவர் தம் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கோ, வட்டாரத்தின் சமூக நிர்வாக மன்றத்துக்கோ போகிறார். விளக்குக்குப் பொறுப்பானவர் நகர மன்ற உறுப்பினர். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர் சட்டமன்ற உறுப்பினர். ஆகவே சட்டம் இயற்ற வேண்டியவர் சாக்கடை மூடியைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, சாக்கடைக்கு உரியவரின் பெயர்கூட அத்தெருவில் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது.

2008-இல் ஆட்சிக்கு வந்த மாநில அரசு தேர்தலை மீட்கச் சட்டத்திலேயே ஒரு வழி தேடியது. 171-ஆம் சட்டத்தின் முதற்பிரிவில், மாநில அரசு அரசிதழ் அறிவிப்பின் மூலம் ஒரு பகுதிக்கு அச்சட்டத்தின் விதிகளிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்றொரு துணைவிதி உண்டு. அதைப் பற்றிக்கொண்டு, 15-ஆம் பிரிவிலிருந்து பினாங்குக்கு விலக்கு என்று கொள்ளும் வகையில், 2012-இல் பினாங்குச் சட்டமன்றம் ஊராட்சித் தேர்தல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வாசகர் இதைச் சட்டத் தந்திரம் என்று எண்ணினாலும், வேறு கதவு எதுவும் திறந்திருக்கவில்லை. மாநில அரசும், அலிரான் என்னும் சமூக உரிமை அமைப்பின் தலைவராக இருந்த பி. இராமகிருஷ்ணனும் கூட்டரசு நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2014 ஆகஸ்டில் தள்ளுபடியானது. கூட்டரசுச் சட்டம் மூடிய ஒன்றை மாநிலச் சட்டம் திறக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதே 2012-இல், நீதிமன்றத்தின் உதவி தேவைப்படாத வேறொரு முயற்சியும் தொடங்கியது. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம், தீவின் நகராண்மைக் கழகத்தோடும் செபராங் பிறை நகராண்மைக் கழகத்தோடும் இணைந்து, பாலின நோக்கும் மக்கள் பங்கேற்பும் கொண்ட வரவு செலவுத் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தது. பாலின நோக்கு என்பது, ஒரே செலவு ஆண், பெண், முதியவர், குழந்தை ஆகியோரை வெவ்வேறு விதமாக எட்டுகிறது என்பதைக் கணக்கில் கொண்டு பணத்தை ஒதுக்குவது. மக்கள் பங்கேற்பு என்பது, எதற்கு முன்னுரிமை என்பதைப் பயன்பெறுவோரே சொல்வது. தீவில் ஜாலான் சுங்கை அடுக்குமாடிக் குடியிருப்பு இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. குடியிருப்போரிடம் முதலில் கருத்துக் கேட்டு, வயது, பால் வாரியாகச் சிறு குழுக்களில் பேசி, தேவைகளின் பட்டியலைச் சுருக்கிய பின், ஒவ்வொருவருக்கும் பாவனைப் பணம் தரப்பட்டது. தாம் முதன்மையாகக் கருதும் தேவையின் பெட்டியில் அதை அவர்கள் இட்டார்கள். மாடிகளைத் துப்புரவாக வைத்திருக்கும் வேலையை வெளி ஒப்பந்தக்காரருக்குப் பதிலாகக் குடியிருப்போரே ஏற்றது அதில் கிடைத்த பலன்களுள் ஒன்று. பெட்டியில் இட்ட தாள் மன்றத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை, எந்த உறுப்பினரையும் பதவியிலிருந்து இறக்கவும் அதனால் முடியாது. மதிப்பீட்டு வரி கட்டும் வீட்டு உரிமையாளருக்கு மட்டுமன்றி, வாடகைக்குக் குடியிருக்கும் பெண்ணுக்கும் அதில் இடம் இருந்தது என்பது 1857-இன் வாக்காளர் தகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது.

2015-இல் தீவு முழுவதும் மாநகரத் தகுதி பெற்று, கழகம் பினாங்குத் தீவு மாநகர் மன்றமானது. பத்தாஹியா இஸ்மாயில் அதன் முதல் மேயரானார். 2023-இல் ஏ. இராஜேந்திரன் அப்பதவிக்கு வந்தபோது, ஸ்காட்லாந்து சாலைக்குத் தம் பெயரைத் தந்திருக்கும் டி. எஸ். இராமநாதனைப் பத்திரிகைகள் நினைவுகூர்ந்தன. இருவரின் பதவிக்கும் பெயர் ஒன்று, இயல்பு வேறு. இராமநாதன் வாக்குப் பெற்று மன்றத்துக்குள் வந்து, சக உறுப்பினர்களின் கைகளால் மேயரானவர், அவர்களின் ஆதரவை இழந்தால் பதவியையும் இழக்கக்கூடியவர்; இராஜேந்திரன் மன்றத்தின் நிர்வாகத்திலேயே பணியாற்றி உயர்ந்து, மாநில அரசால் நியமிக்கப்பட்ட அதிகாரி. வடிகாலின் ஆழத்தை நன்கு அறிந்தவரையே தலைமையில் அமர்த்துவது இன்றைய முறையின் வலிமை. அவ்வடிகாலுக்குப் பணம் போதாதபோது வரியை உயர்த்தும்படி மக்களிடம் நேரில் கேட்கும் அரசியல் உரிமை அவருக்கு இல்லை. அந்தக் கேள்வி கொம்தார் கட்டடத்தில் உள்ள மாநில ஆட்சிக்குழுவின் மேசைக்கே போய்ச் சேர்கிறது.